டம்ளரோடு கார் பார்க்கப் போங்கள்

தெரிந்தவர்கள் யாராவது புது கார் வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். காரைக்குடியில் 24 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன், அதனால் ஒரு நம்பிக்கை. நான் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு துணிப்பையில் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அரை லிட்டர் பிளாஸ்க், டீக்கடைப் பேப்பர் கப், கூடவே ஒரு அளவு டேப் இருக்கும். மைலேஜ், விலை, வாரண்டி எல்லாம் அவர்கள் பேசி முடிக்கட்டும். நான் காருக்குள் ஏறி உட்கார்ந்து, பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கப் ஹோல்டரில் வைத்துப் பார்ப்பேன். விற்பனைப் பையன்கள் முதலில் வினோதமாகப் பார்ப்பார்கள். பிறகு அவர்களே வந்து குனிந்து பார்ப்பார்கள்.

இந்தப் பழக்கம் ஒரு ஆச்சியால் வந்தது. கோட்டையூரில் பெரிய வீடு, பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வருடத்துக்கு ஒருமுறை நகரத்தார் என்கிற செட்டியார் சமூகத்தின் நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த முறை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்பது இடத்தில் இறங்கி ஏற வேண்டும், மதியம் நடை சாத்துவதற்குள் பாதியையாவது முடிக்க வேண்டும். உட்கார்ந்து காப்பி குடிக்க நேரம் ஏது? திருப்பத்தூர் பக்கம் ஒரு கடையில் காப்பியைப் பார்சல் கப்பில் வாங்கிக் கொடுத்தேன். அப்போது என்னிடம் இருந்த காரில் கப் ஹோல்டர் இரண்டும் முன்னால், கியருக்குப் பக்கத்தில். பின்சீட்டில் ஒன்றுமில்லை. ஆச்சி கப்பை மடியில் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடை. நான் பார்த்தது கடைசி நொடியில்தான்.

"ஒண்ணுமில்லை தம்பி, நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூன்று கோயில் வரைக்கும் வந்தார். சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடும்போதுதான் தொடையில் கொப்புளம் என்று தெரிந்தது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏசி இருந்தது, பாட்டு இருந்தது, மெத்தென்ற சீட் இருந்தது. எழுபது வயது மனுஷி ஒரு கப்பை வைக்க நாலு அங்குல இடம் இல்லை.

அமெரிக்காவில் 1992-ல் இதேபோல ஒன்று நடந்தது. 79 வயதுப் பாட்டி ஒருவர், கடையில் வாங்கிய காப்பியை நின்றுகொண்டிருந்த காரில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். அந்தக் காரில் கப் ஹோல்டர் கிடையாது. காப்பியின் சூடு 82 முதல் 88 டிகிரிக்குள் இருந்தது. சதை வரைக்கும் வெந்து, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும்படி ஆனது. வழக்கு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காப்பி ஏன் அவ்வளவு சூடு என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கார் ஓட்டுகிற எனக்கு, கப்பை ஏன் காலிடுக்கில் வைக்க நேர்ந்தது என்பதுதான் முதலில் தோன்றியது.

சூடு பட்டால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரை ஓரங்கட்டி, கையில் இருக்கும் தண்ணீரை உடனே ஊற்றுங்கள். அப்புறம் அடுத்த குழாயடியில் நிறுத்தி, 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் அந்த இடத்தில் ஓடட்டும். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பெரிய இடமாக இருந்தால், பட்டது குழந்தை அல்லது வயதானவராக இருந்தால், தண்ணீர் ஊற்றியபின் நேராக ஆஸ்பத்திரி. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் ஆச்சிக்கு அவ்வளவு கொப்புளித்திருக்காது.

சரி, கப் ஹோல்டருக்கு வருவோம். இது பழைய பொருள் இல்லை. 1950களில் அமெரிக்கக் கார்களில் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வட்டமாக இரண்டு பள்ளம் இருக்கும். வண்டி நின்றிருக்கும்போது மட்டும் பயன்படும், ஓடும்போது வைத்தால் கவிழும். 1983 கடைசியில் கிறைஸ்லர் கம்பெனி வெளியிட்ட மினிவேன்களில்தான், ஓடும் வண்டியில் கப் நிற்கிற மாதிரி பள்ளம் வைத்தார்கள். அதே 1983 டிசம்பரில்தான் நம் ஊரில் முதல் மாருதி 800 கைமாறியது. நான் ஓட்டக் கற்றுக்கொண்ட 800-ல் டம்ளர் வைக்க இடமே கிடையாது. நாம் வண்டியை நிறுத்தி, கடைவாசலில் நின்று குடிக்கிற சனம். அவர்கள் ஓட்டிக்கொண்டே குடிக்கிற சனம். அந்தந்த ஊர்ப் பழக்கத்துக்குத் தகுந்தாற்போல் வண்டி வந்தது. ஆனால் பழக்கம் இப்போது மாறிவிட்டது. 2018-ல் சுபாரு கொண்டுவந்த ஒரு காரில் கப் ஹோல்டர் மட்டும் 19. நம் ஊருக்கு 2010 கடைசியில் வந்த டொயோட்டா எட்டியோஸில் ஒரு லிட்டர் பாட்டில் ஏழு வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். இந்தியாவில் தாகம் பெரிது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் திருப்திப்படக் கூடாது. பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன் நான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டிலின் அடி சுமார் 7.5 சென்டிமீட்டர் அகலம். அதன் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அடியின் பாதியை, அதாவது 3.75-ஐ, 12.5-ஆல் வகுத்தால் 0.3. புவியீர்ப்பில் 0.3 பங்கு அளவுக்கு வண்டி வேகம் குறைந்தாலோ, வளைவில் பக்கவாட்டில் தள்ளினாலோ, பிடிப்பில்லாமல் நிற்கும் பாட்டில் கவிழ்ந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் 0.7, 0.8 வரை போகும். குறுக்கே ஒரு ஆடு வந்தால் போதும். அதே பாட்டிலில் பாதி குடித்துவிட்டால் எடை மையம் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும், அப்போது கணக்கு 0.6-க்கு மேல். அதனால்தான் நிறைந்த பாட்டில் விழும் இடத்தில் பாதிப் பாட்டில் நிற்கிறது. புறப்பட்டதும் எல்லாரையும் ஒரு மடக்கு குடிக்கச் சொல்வது என் வழக்கம்.

நிறைந்த பாட்டில் நிற்க வேண்டுமென்றால் பள்ளத்தின் சுவர் அதை மேலே வரை பிடிக்க வேண்டும். என் அனுபவத்தில் பாட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பள்ளத்துக்குள் இறங்க வேண்டும், அதாவது 8, 9 சென்டிமீட்டர். நிறைய கார்களில் 5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அளவு டேப் கொண்டுபோவது இதற்குத்தான். அகலத்தில், பாட்டிலைச் சுற்றி ஒரு சுண்டுவிரல் நுழைகிற அளவு சந்து இருந்தால் அது அதிகம். உள்ளே ரப்பர் நாக்கு அல்லது ஸ்பிரிங் வைத்த பிடிப்பு இருந்தால் சின்னதும் பெரியதும் இரண்டுமே நிற்கும். நல்ல அமைப்பு என்றால் அதுதான்.

இப்போது டம்ளர். நம் டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல், விளிம்பு வெளியே மடிந்திருக்கும். பள்ளத்தின் வாய் டம்ளரின் வாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் டம்ளர் விளிம்பில் தொங்கும், அடி தரையைத் தொடாது. பார்க்கக் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் துள்ளும். எடுக்கவும் முடியாது, ஏனென்றால் சூடு அதிகம் ஏறாத இடம் விளிம்பு ஒன்றுதான், அதுவும் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஹவாய் செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டி அடியில் போட்டு, டம்ளர் மூன்றில் ஒரு பங்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி உயர்த்துங்கள். டவராவை வீட்டில் விட்டுவிடுங்கள், அதன் அகலத்துக்கு எந்தக் காரிலும் பள்ளம் கிடையாது. ஒன்று சொல்ல வேண்டும்: நன்றாக ஆற்றி நுரை கட்டிய காப்பி, நுரையில்லாத காப்பியைவிடக் குறைவாக அலம்பும். மேலே இருக்கும் நுரை அலையை அடக்கிவிடுகிறது. முக்கால் டம்ளரோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூஜா இருக்கும். பித்தளை, வெள்ளி, எவர்சில்வர் என்று எல்லாவற்றிலும் உண்டு. அகன்ற அடி, குண்டு வயிறு, திருகு மூடி, தூக்க ஒரு கைப்பிடி. அந்தக் காலத்தில் ரயிலுக்கும் கப்பலுக்கும் அதில்தான் தண்ணீரும் பாலும் போகும். மேலே சொன்ன கணக்கைக் கூஜாவுக்குப் போட்டுப் பாருங்கள். அடி 14 சென்டிமீட்டர், எடை மையம் 8 சென்டிமீட்டர் என்றால் 0.87 வருகிறது. கப் ஹோல்டரே தேவையில்லாத பாத்திரம். பிரயாணத்துக்கென்று பாத்திரம் செய்த கன்னார் கை அது. அதில் நெஞ்சு நிறைகிறது எனக்கு. ஆனால் கார் தரையில் அது நகரும், இடிக்கும். கால் வைக்கும் இடத்தில் முன்சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்து, அடியில் ரப்பர் ஷீட் போட வேண்டும்.

எந்த இடத்தில் எதை வைப்பது என்பது அடுத்தது. டிரைவருக்குப் பக்கத்துப் பள்ளம் டிரைவருக்கு மட்டும். மூடியோடு, ஒரே கையால் திறக்கிற பாட்டில் மட்டும் அங்கே இருக்கட்டும். திருகு மூடிக்கு இரண்டு கை வேண்டும், இரண்டு கையும் மூடியில் இருந்தால் ஸ்டியரிங் யாரிடம் இருக்கிறது? சில ஸ்கோடா கார்களில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன முளை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடி அதில் மாட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும், ஒரே கையால் மூடியைத் திருகலாம். இதை யோசித்தவருக்கு ஓட்டுகிறவனின் கஷ்டம் தெரிந்திருக்கிறது. சூடான எதையும் டிரைவர் ஓட்டிக்கொண்டே குடிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் நிறுத்திக் குடியுங்கள்.

டோர் பாக்கெட்டில் பாட்டிலைப் படுக்க வைக்கும் மாதிரி இருந்தால் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் ஜன்னல் சுவிட்சின் ஒயர் அதே கதவுக்குள்தான் போகிறது. டிரைவர் பக்கக் கதவில் பாட்டில் வெளியே துள்ளும் அளவு பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் அங்கே வைக்கவே வேண்டாம். தேவகோட்டை ரோட்டில் ஒருமுறை அப்படித் துள்ளிய பாட்டில் என் காலடிக்கு உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தினேன். ரோட்டில் ஆள் இல்லாததால் பிழைத்தோம். கப் ஹோல்டரை வசதி என்று சொல்கிறார்கள். அன்றிலிருந்து நான் அதை பிரேக்கின் ஒரு பாகமாகத்தான் நினைக்கிறேன்.

பின்சீட்டில் நடுவில் மடக்கி எடுக்கும் கைத்தாங்கியில் இரண்டு பள்ளம் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் அருமை. மூன்றாவது ஆள் ஏறினால் அது மறைந்துவிடும், எங்கள் ஊர் விசேஷங்களில் மூன்றாவது ஆள் ஏறாத காரே இல்லை. ஆகவே பின்கதவிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலை வைத்துவிட்டு வயதானவர்களை உட்கார வைத்து, சாய்ந்தபடியே கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். குனிந்து எடுக்க வேண்டியிருந்தால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். தாகத்தோடே மதுரை வரை வருவார்கள். கை நடுங்குகிறவர்களுக்கு உறிஞ்சுகிற மூடி வைத்த பாட்டில் நல்லது. குழந்தைகள் கையில் கனமான எவர்சில்வர் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, வண்டி இடித்து நின்றால் அந்த ஒரு கிலோ வண்டி ஓடிய வேகத்திலேயே முன்னால் பறக்கும்.

ஏசி வாய்க்கு முன்னால் இருக்கும் பள்ளம் வெயில் காலத்துக்கு வரம். மோர் கடைசி வரை ஜில்லென்றிருக்கும். காப்பியை அங்கே வைத்தால் பத்து நிமிடத்தில் ஆறிப்போகும், அவ்வளவுதான்.

பழைய காரில் பள்ளமே இல்லாதவர்கள் கடையில் கிளிப் வாங்கி ஏசி வாயில் மாட்டுகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தத் தகடுகள் காற்றைத் திருப்புவதற்காக உள்ளவை, ஒரு கிலோ தாங்க அல்ல. இரண்டு மாதத்தில் ஒன்று உடையும். அரை டம்ளர் அளவு பேப்பர் கப்புக்கு மட்டும் சரி. அதைவிட, 90 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 12 சென்டிமீட்டர் துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். ஹார்டுவேர் கடைக்கு உங்கள் பாட்டிலையும் கொண்டுபோங்கள், ஏனென்றால் குழாயின் கனத்தைப் பொறுத்து உள் அகலம் மாறும். அடிக்கு மூடி போட்டு ஒட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, பாட்டிலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டிவிட்டால் சந்து அடைந்துவிடும், லொடலொடப்பும் இருக்காது. குழாயை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் ஒட்டுப்பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டியபின் ஹேண்ட்பிரேக் முழுதாக ஏறுகிறதா, கியர் எல்லாம் விழுகிறதா, பெல்ட் கொக்கி மாட்டுகிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டு மேலும், ஏர்பேக் பொதிந்த சீட்டின் பக்கவாட்டிலும் எதையும் கட்டக் கூடாது.

பின்சீட்டுக்கு நான் செய்தது வேறு. எங்கள் ஊர்க் கொட்டான் தெரியும்தானே? பனையோலையில் சாயம் ஏற்றிப் பின்னுவது. கல்யாணத்துக்கும் சீர்வரிசைக்கும் எடுப்பார்கள், புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறது. அதன் அடி சதுரம், வாய் வட்டம். சதுர அடி சீட்டில் உருளாது. ஒரு அடி அகலமுள்ள கொட்டான் ஒன்று வாங்கி, அதன் உள்ளளவுக்குச் செருப்பு ரப்பர் ஷீட்டை மூன்று அடுக்காக வெட்டினேன். அடுக்கு ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர், மொத்தம் 6. மேலே இருக்கும் இரண்டு அடுக்கில் டம்ளர் அளவுக்கு நாலு வட்டம் வெட்டி எடுத்தேன், அடியிலுள்ளது முழுதாக இருக்கட்டும். பாட்டிலுக்கு இந்த ஆழம் போதாது, டம்ளருக்கும் பேப்பர் கப்புக்கும் போதும். நடுசீட்டில் வைத்து, நடுசீட் பெல்ட்டைக் கொட்டானைச் சுற்றிப் போட்டு மாட்டிவிடுவேன். அசையாது. ஆள் மூன்று பேர் என்றால் டிக்கிக்குப் போய்விடும், அன்றைக்குக் காப்பிக்கு நிறுத்திவிடுவேன்.

சுத்தம் செய்வதில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். பள்ளத்தில் காப்பி சிந்தினால் பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கியர் பெட்டிக்கு அடியில் ஒயர்கள் போகின்றன, பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கருவியே அங்கேதான் இருக்கிறது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் ரப்பர் தட்டைக் கழற்றி வெளியே கழுவுங்கள். பள்ளத்தை வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்து, மூலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சர்க்கரை ஒட்டிய இடத்துக்கு மறுநாள் காலையிலேயே எறும்பு வரும். மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

பள்ளத்தில் விபூதிப் பொட்டலம், குங்குமம், சில்லறை போட்டு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் அதிகம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு டோல்கேட்டுக்குச் சில்லறை தேவையில்லை, உண்டியலுக்குத்தான் தேவை. ஒரு காலிப் பேப்பர் கப்பைப் பள்ளத்தில் இறக்கி அதற்குள் போடுங்கள். நிறைந்ததும் கப்போடு தூக்கிவிடலாம். ஆனால் இரண்டு பள்ளத்தில் ஒன்று எப்போதும் தண்ணீருக்குக் காலியாக இருக்க வேண்டும், என் வண்டியில் இதில் சமரசம் இல்லை.

சித்திரை வெயிலில் ஆத்தங்குடியிலோ கானாடுகாத்தானிலோ வீடு பார்க்க இறங்கினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி ஏறும். சிகரெட் லைட்டர், சானிடைசர், பவர் பேங்க் இதெல்லாம் பள்ளத்தில் கிடந்தால் எடுத்துக்கொண்டு இறங்கச் சொல்வேன். தெளிவான பாட்டிலில் தண்ணீர் இருந்து அதன்மேல் நேர் வெயில் பட்டால் பூதக்கண்ணாடி மாதிரி ஒளியைக் குவித்து சீட்டைக் கருக்கக்கூடும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினால் போதும்.

அந்த ஆச்சி இன்றும் என் வண்டியில்தான் வருகிறார். ஏறியதும் முதலில் கொட்டானைப் பார்ப்பார். போன முறை, "ஓலை முறிய ஆரம்பிச்சிருச்சு தம்பி, ஓரத்துல கையைக் கீறும்" என்றார். பார்த்தால் ஆமாம், ஈரம் பட்டுப் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருந்தது. புதுக் கொட்டான் ஒன்று சொல்லியிருக்கிறேன், இந்த முறை உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்துத்தான் ரப்பரை இறக்கப் போகிறேன்.